இருட்டுல கத்துக்கிட்ட கை

இல்லீங்க, அது வேற புள்ள. செவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு எல்லார் மேலயும் தண்ணி அடிக்கிதே, அது பல் டாக்டரோட பொண்ணு. சரியான வாயாடி. எங்க பொண்ணு அந்தா, ஏணிக்குப் பக்கத்துல, நீலத் தொப்பி. தனக்கு முன்னாடி நிக்கற புள்ளைக்கும் தனக்கும் நடுவுல ஒரு ஆள் எடம் விட்டு நிக்கறா பாருங்க, அவதான். வீட்ல பூனைன்னு கூப்புடுவோம். ஸ்கூல் பேரு வேற, அதச் சொல்லிக் கூப்புட்டா திரும்பறதுக்கே கொஞ்ச நேரம் ஆகும்.

ஒக்காருங்க, எதுக்கு எந்திரிக்கறீங்க. இந்த நாற்காலிக்கு யாரும் வர மாட்டாங்க. மத்த அம்மாங்கெல்லாம் அந்தப் பக்கம் ஃபேனுக்குக் கீழ கூடி ஊர்க்கத பேசுவாங்க. எனக்கு அது ஒத்து வராது. நாலஞ்சு வாரமா பாக்கறேன், நீங்களும் இந்த ஓரத்துலதான் ஒக்காருவீங்க, நீச்சல் கிளாஸ் முடியறதுக்கு முன்னாடியே கெளம்பிருவீங்க. உங்க புள்ள எதுன்னு நான் கேக்க மாட்டேன், பயப்படாதீங்க. சில பேரு தண்ணியப் பாத்துக்கிட்டு ஒக்காரவே வருவாங்க. வெயிலுக்கு இந்த எடம் நல்லாத்தான் இருக்கு, மருந்து வாசனையப் பொறுத்துக்கிட்டா.

இன்னைக்கு அவங்கள அந்தப் பலகையிலேருந்து குதிக்க விடறாங்க. அதுல சின்னதுதான். இருந்தாலும் காலையிலேருந்து எனக்கு அதே நெனப்புதான். ஏறிருவா, அதுல பயமில்ல. எறங்கறதுதான் அவளுக்கு எப்பவுமே தகராறு. ஒரு படி எறங்கக் கத்துக்குடுக்க எங்களுக்கு ஒரு மழைக்காலம் பூரா ஆச்சு. நான் சிரிக்கறதுக்காகச் சொல்லல, நெசமாத்தான் சொல்றேன்.

நான் பெத்த புள்ள இல்ல. கேக்கலாமா வேணாமான்னு யோசிச்சீங்கன்னா, கேக்கலாம். எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், நாங்க மறைக்கல. எங்ககிட்ட வந்தப்ப அவளுக்கு ரெண்டரை வயசு. நான் செருப்புக்கடையில வேல பாக்கறேன், கொழந்தைங்க பக்கம். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அங்கதான். ஊருப் புள்ளைங்க காலெல்லாம் என் மடியில வெச்சு அளந்திருக்கேன், என் வயித்துல மட்டும் ஒண்ணும் தங்கல. அதனால ஒரு புள்ளையப் பாத்தா எனக்கு மொதல்ல கண்ணு காலுக்குத்தான் போகும். தத்துக் குடுக்கற இல்லத்துல ஒரு அம்மா இவளத் தூக்கிட்டு வந்து நாற்காலியில ஒக்கார வெச்சாங்க. ரெண்டு பாதமும் என் பக்கம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டரை வயசுப் புள்ளையோட பாதம் எப்படி இருக்கும்னு என்னத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். குதிகால் கொஞ்சம் தடிச்சிருக்கும், கட்டவெரல் ஓரம் காச்சிருக்கும், முட்டியில எப்பவும் ஒரு சிராய்ப்பு ஆறிக்கிட்டு இருக்கும். இவளுக்கு அப்படி ஒண்ணுமே இல்ல. பொறந்து தொப்புள் விழாத புள்ள பாதம் மாதிரி, வெண்ணெய். இது நெலத்துல நடந்த காலே இல்லீங்களேன்னேன். அந்த அம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

அப்புறந்தான் சொன்னாங்க. ஒரு பெரிய வீடு. அங்கேயே தங்கி வேல செய்யற ஒரு பொண்ணு, இருபது வயசு கூட ஆகியிருக்காது. வீட்டுக்காரங்க கொழந்த குட்டின்னா ஆகாதுன்னு சொல்லித்தான் வேலைக்கு வெச்சிருக்காங்க. இது ஊருக்குப் போறேன்னு லீவு போட்டுப் போய்ப் பெத்து, ஒரு துணிப்பையில புள்ளைய வெச்சுக்கிட்டுத் திரும்பி வந்திருக்கு. சமையல்கட்டுக்குப் பின்னாடி ஜன்னலில்லாத ஒரு சின்ன ரூம், தொடப்பமும் பழைய சாமானும் போட்டு வெக்கிற எடம், ஓரமா இது படுத்துக்கற கட்டில். அங்கேயே வெச்சு வளத்திருக்கு. ரெண்டரை வருஷம். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியல. கடைசியில தண்ணிக் கொழா ஒடஞ்சு, சரி பண்ண வந்த ஆள் கதவத் தொறந்திருக்காரு. இருட்டுல ஒரு கொழந்த ஒக்காந்திருக்கு. அழல, கத்தல. ரெண்டு கையையும் வாய் மேல வெச்சுப் பொத்திக்கிட்டு அவரையே பாத்துக்கிட்டு இருந்துச்சாம். அந்தாளு பயந்துட்டாராம், பாவம்.

நம்பற மாதிரி இல்லல்ல. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு புள்ள எப்படி ரெண்டரை வருஷம் சத்தம் போடாம இருக்கும். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்புறந்தான் தெரிஞ்சுது, எப்படின்னு.

சத்தம் வராத புள்ளைய வளக்கறது இருக்கே, அது பேய் இருக்கற வீட்ல குடி போன மாதிரி. அடுப்புல நின்னுக்கிட்டு இருப்பேன், திரும்பினா காலுக்குப் பக்கத்துல நிப்பா. எப்ப வந்தா, எப்படி வந்தான்னு தெரியாது. சொவத்தத் தொட்டுக்கிட்டே பக்கவாட்டுல நடப்பா, நண்டு மாதிரி. ரூமுக்கு நடுவுல வரவே மாட்டா. பூனைங்கற பேரு என் வீட்டுக்காரரு வெச்சது. தம்ளரக் கீழ வெச்சா, அடியில மொதல்ல சுண்டுவெரல வெச்சு, அப்புறம் தம்ளர எறக்கி, மெதுவா வெரல உருவிக்குவா. டொக்குனு ஒரு சத்தம் வராது. ரெண்டரை வயசுல நம்ம புள்ளைங்க தம்ளரத் தூக்கி அடிக்கும்ங்க.

அத விடுங்க. ஒரு நாள் ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தா. எங்க வீடு மூணாவது மாடி. கீழ ஒரு பஸ்ஸு போச்சு. இவ கம்பிக்கு நடுவுல கைய விட்டு, ரெண்டு வெரலால, எறும்ப எடுக்கற மாதிரி அத எடுக்கப் போனா. கெடைக்கலன்னதும் வெரலத் திருப்பித் திருப்பிப் பாத்தா. வெளையாடறான்னு நெனச்சு நான் சிரிச்சேன். அந்த நேரம் பாத்து தெருமுனையில என் வீட்டுக்காரரு வந்தாரு. அவரு லிஃப்ட் மெக்கானிக்கு, அந்தச் சாம்பக் கலரு சட்டைய எங்க பாத்தாலும் தெரியும். இந்தா அப்பா வர்றாருன்னு காட்டினேன். அவரையும் வெரலால எடுக்கப் பாத்தா. அவரு மாடி ஏறிக் கதவத் தொறந்து உள்ள வந்ததும் அவ மொகத்துல ஈ ஆடல. கட்டவெரல் அளவு இருந்த ஆளு கதவளவுக்கு வந்து நின்னா யாருக்குத்தான் பயமா இருக்காது. கட்டிலுக்கு அடியில போய்ப் புகுந்துக்கிட்டா.

கண்ணுல கோளாறோன்னு ஓடினோம். கண்ணு சுத்தமா இருக்குன்னுட்டாங்க. அப்புறம் ஒரு தெரபி மேடத்துக்கிட்ட அனுப்பினாங்க, புள்ளைங்களுக்குக் கை கால் பயிற்சி குடுக்கறவங்க. தங்கமான மனுஷி. அவங்கதான் எனக்குப் புரியற மாதிரி சொன்னாங்க. இவ பாத்ததுலயே ரொம்ப தூரம் அந்த ரூமோட எதிர்ச் சொவருதான். தூரம்ங்கறது கண்ணுக்குத் தானா வர்றதில்ல. கொழந்த ஒரு சாமான இங்கேருந்து பாக்கும், தவழ்ந்து போகும், மூச்சு வாங்கும், போய்த் தொடும். அப்பத்தான் ஓகோ இவ்வளவு தூரமான்னு தெரியும். முட்டிக்காலுதான் கண்ணுக்கு வாத்தியாருன்னாங்க. இவளுக்குத் தவழ எடமே இருந்ததில்ல. அதனால நடக்கறவள மறுபடி தவழ விடுங்கன்னாங்க.

எப்படி விடறது. நீ தவழுன்னு சொன்னா தவழுமா. என் வீட்டுக்காரரு நான் வேல பாக்கற கடையிலேருந்து பெரிய அட்டப்பெட்டியெல்லாம் தூக்கிட்டு வந்து, ரெண்டு பக்கமும் வெட்டி, வீடு பூரா குகை மாதிரி அடுக்கிட்டாரு. வேலையிலேருந்து வந்தா கைகால் கழுவிட்டு நேரா அட்டப்பெட்டிக்குள்ளதான். முட்டி தேஞ்சு ரெண்டு பேன்ட்டு போச்சு. ஒரு நாள் கீழ் வீட்டு அம்மா என்னங்க இழுக்கற சத்தம் கேக்குதேன்னு ஏறி வந்தாங்க. கதவு தொறந்து கெடக்கு. உள்ளேருந்து மீச வெச்ச ஆம்பள ஒருத்தரு பெட்டியிலேருந்து தலைய மட்டும் நீட்டி, என்னங்க வேணும்னாரு. அந்த அம்மா வந்த வேகத்துலயே எறங்கிப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் எங்க பக்கம் பாத்தாலே ஒரு அனுதாபம்.

இப்ப அவ வரிசையில மூணாவதா நிக்கறா. முன்னாடி நகந்துட்டா. பாருங்க, கால் வெரல மடக்கி மடக்கி விடறா. பயந்தா அப்படித்தான் செய்வா.

என்ன கேட்டீங்க. பேச்சா. பேச்சு மெதுவாத்தான் வந்துச்சு. பேச்சுக்கு முன்னாடி வேற ஒண்ணு வரணுமாம். ஒரு புள்ளைக்கு அங்க பாருன்னு கைய நீட்டிக் காட்டினா, அது அங்க பாக்கணும். இவ என் வெரலப் பாப்பா. கிட்ட வந்து மோந்து கூடப் பாப்பா. எங்க எதிர்ல ஒரு கட்டடம் கட்டிக்கிட்டு இருந்தாங்க, மஞ்சக் கலருல பெரிய கிரேன். தினமும் அதக் காட்டுவேன், தினமும் வெரலப் பாப்பா. எனக்கே சலிச்சுப் போச்சு. அப்புறம் ஒரு நாள் நான் துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன், வந்து என் தாடையப் புடிச்சுத் திருப்பினா. ஜன்னலப் பாத்து வெரல நீட்டினா. கிரேன் சுத்திக்கிட்டு இருந்துச்சு. நீட்டிட்டு, அதப் பாக்கல, என் கண்ணப் பாத்தா. நான் பாக்கறேனான்னு பாத்தா. அவ்வளவுதாங்க. அவ பாக்கறத நானும் பாக்கணும்னு அவளுக்குத் தோணிருச்சு. அன்னைக்கு நான் கடைக்கே போகல. ரெண்டு பேரும் ஒக்காந்து கிரேனப் பாத்துக்கிட்டு இருந்தோம்.

சத்தம் மட்டும் விடல அவள. நமக்கு இந்த ஃபேன் ஓடறது கேக்குதா, இப்ப நான் சொன்னப்புறந்தான கேக்குது. மனசு வேணாம்னு தள்ளி வெச்சிருச்சு. புள்ளைங்க வளர வளரத்தான் அப்படித் தள்ளி வெக்கக் கத்துக்குமாம். கவனிக்கறதுன்னா ஒண்ணப் புடிக்கறது மட்டும் இல்ல, மிச்சத்த விடறதும்தான்னாங்க மேடம். இவளுக்கு எதையும் விடத் தெரியாது. கொழா சொட்டறது, மாடியில யாரோ நாற்காலி இழுக்கறது, படியில செருப்புச் சத்தம், எல்லாம் ஒரே மாதிரி வந்து விழும். அதுலயும் படியில செருப்புச் சத்தம் கேட்டாப் போச்சு. கையில என்ன இருந்தாலும் விட்டுட்டு, ரெண்டு கையையும் வாய் மேல வெச்சுக்குவா. மூச்சு கூட விட மாட்டா. சத்தம் கடந்து போற வரைக்கும் அப்படியே செலையா இருப்பா. சோறு வாயில இருக்கும், மெல்ல மாட்டா.

அதப் பாத்துப் பாத்து அந்தப் பொம்பளைய நான் திட்டாத திட்டு இல்லீங்க. நீயெல்லாம் ஒரு தாயா, இந்தக் கைய வாய்ல வெக்கச் சொல்லிக் குடுத்தவ நீதானன்னு. கோர்ட்டுல அவளுக்கு ஜெயில் தண்டன குடுத்தாங்கன்னு கேள்விப்பட்டப்ப, நல்லா வேணும்னுதான் சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன்.

என்னாச்சு, பொரை ஏறிருச்சா. இந்தாங்க தண்ணி. மெதுவா. இன்னும் கொஞ்சம் குடிங்க. பரவால்ல, பாட்டில நீங்களே வெச்சுக்கங்க.

சொல்றேன். எதுவரைக்கும் சொன்னேன். ஆங், கோவம். அது எப்படிக் கொறஞ்சுதுன்னு சொல்றேன்.

அந்தி சாயற நேரம், கரண்டு போயிருச்சு. மெழுகுவத்தி தேடலாம்னு எந்திரிக்கப் போறேன், இவ வந்துட்டா. எப்படி வந்தான்னா, முதுகக் காட்டிக்கிட்டு. பின்னாடியே நடந்து வந்து, என் முட்டியில இடிச்சு, என் மடியில ஒக்காந்தா. அதுவரைக்கும் அவளா வந்து யார் மடியிலயும் ஒக்காந்ததில்ல. நாற்காலி மேல அவரோட சட்ட கெடந்துச்சு, அத இழுத்து மடியில போட்டுக்கிட்டா. அப்புறம் இருட்டுல தடவி என் ரெண்டு கையையும் எடுத்து, அவ கை மேல வெச்சுக்கிட்டா. வெச்சுட்டு பட்டன் போட ஆரம்பிச்சா. மேலேருந்து ஒண்ணொண்ணா. பட்டனத் திருப்பி, ஓட்டையத் தேடி, பாதி நுழைச்சு, அந்தப் பக்கம் கட்டவெரலால இழுத்து. ஒரு ஓட்ட தப்பல. கடைசி வரைக்கும் போட்டுட்டு, மறுபடி மேலேருந்து கழட்ட ஆரம்பிச்சா. என் கை சும்மா அவ கை மேல சவாரி போச்சு.

அப்ப கரண்டு வந்துச்சு. வெளிச்சம் வந்ததும் அவளுக்குக் கை தடுமாறிருச்சு. பட்டனப் பாக்கறா, எடுக்க வரல. ரெண்டு தடவ முட்டி மோதிட்டு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. மூடினதும் கை பாட்டுக்கு மறுபடி ஓடுது.

நான் அசையாம ஒக்காந்திருந்தேன். எனக்குப் பின்னாடி இன்னொருத்தி ஒக்காந்திருக்கா, அவ மடியில நான், என் மடியில இவன்னு தோணிச்சு. திரும்பிப் பாக்கப் பயமா இருந்துச்சு, நெசமா.

மேடத்துக்கிட்ட சொன்னேன். அவங்களும் அவ கையில ஒரு சட்டையக் குடுத்துப் பாத்தாங்க. இந்த வயசுக்கு இது பெரிய வித்தைங்க, தானா வந்திருக்காதுன்னாங்க. யாரோ மடியில வெச்சுக்கிட்டு, பின்னாலேருந்து ரெண்டு கையையும் புடிச்சு, திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அதுவும் இருட்டுல. கை கத்துக்கிட்டது கண்ணுக்கு இன்னும் தெரியாது, இனிமே ரெண்டையும் பழக்கி விடணும்னாங்க. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்கு அதே யோசன. ஏன் இருட்டுல. அப்புறம் ஒறைச்சுது. லைட்டப் போட்டா கதவுக்கு அடியில வெளிச்சம் தெரிஞ்சிரும்ல. பகல் பூரா அந்த வீட்டு வேலையெல்லாம் செஞ்சு முடிச்சுட்டு, அந்தச் சின்னப் பொண்ணு வந்து, கதவச் சாத்திக்கிட்டு, இருட்டுல ஒக்காந்து புள்ள கைக்கு வேல சொல்லிக் குடுத்திருக்கு. அவகிட்ட வெளையாட்டுச் சாமான் ஏது. யாரோட சட்டையோ, தொவைக்க வந்தது.

கையில வேல இருந்தா வாய் சும்மா இருக்கும்னு செஞ்சாளோ. இருக்கலாம். பயத்துல செஞ்சாளா, பாசத்துல செஞ்சாளான்னு நானும் ரொம்ப நாள் பிரிச்சுப் பாத்தேன். பால்ல தண்ணி கலந்த மாதிரி, பிரிக்க வரல. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுது. யாரும் தொடாத புள்ளைக்கு அப்படிப் பின்னாடியே வந்து மடியில ஒக்காரத் தோணாது. அங்க ஒரு மடி இருக்கும்னு திரும்பிப் பாக்காமலே அவளுக்குத் தெரியும். அத நான் குடுக்கல.

அன்னையிலேருந்து எங்க வீட்ல மூணு பேரு இல்லீங்க, நாலு பேரு. தம்ளருக்கு அடியில இருந்து அந்தச் சுண்டுவெரல உருவறப்பல்லாம், இது யாரு வெரலுன்னு பாப்பேன். சில நாள் பொறாம வரும். சில நாள் துணைக்கு ஆள் இருக்கற மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரரு அதப் பத்திப் பேச மாட்டாரு. ஆனா ஒரு நாள், சாப்டுக்கிட்டே, இந்நேரம் உள்ள அந்தப் பொண்ணுக்கு என்ன சாப்பாடு போடுவாங்கன்னாரு.

சத்தமா. வந்துச்சு, வந்துச்சு. அதுக்கும் செருப்புதான் வழி. கடையில பீப்பீ ஷூன்னு ஒண்ணு விப்போம், காலக் கீழ வெச்சா கீச்சுன்னு கத்தும். பெரியவங்களுக்குத் தலவலி, புள்ளைங்களுக்கு உசுரு. அத வாங்கிட்டு வந்து போட்டு விட்டேன். ஒரு அடி வெச்சா. கீச்சு. அப்படியே ஒறைஞ்சு போயிட்டா. ரெண்டு கையும் வாய்க்குப் போயிருச்சு. கதவையே பாக்கறா. நாங்க ரெண்டு பேரும் மூச்சு விடாம நிக்கறோம். யாரும் வரல. யாரும் கதவத் தட்டல. ரொம்ப நேரம் கழிச்சு இன்னொரு காலத் தூக்கி வெச்சா. கீச்சு. மறுபடி கதவப் பாத்தா, எங்களப் பாத்தா. மூணாவது அடிக்கு ஒரு கைய வாயிலேருந்து எடுத்துட்டா. அப்புறம் சொவத்த விட்டா. ரூமுக்கு நடுவுல நடந்தா. கீச்சு கீச்சுன்னு சாயந்தரம் வரைக்கும் நடந்தா. கீழ் வீட்டு அம்மா ஏறி வந்தாங்க, சண்டைக்குத்தான் வந்தாங்க. இவரு கதவத் தொறந்தவரு அழுதுக்கிட்டு நிக்கறாரு. அவங்க என்ன நெனச்சாங்களோ, திரும்பிப் போய் ஒரு கிண்ணத்துல பழம் நறுக்கிக் கொண்டாந்து குடுத்தாங்க.

இப்ப பேசறா. ஸ்கூல்ல டீச்சரு, உங்க பொண்ணு பக்கத்துப் புள்ளையோட வளவளன்னு பேசுதுன்னு கம்ப்ளைன்ட் பண்ணாங்க. உச்சி குளுந்து போச்சு எனக்கு. திட்டறேன் மேடம்னு சொல்லிட்டு, வெளிய வந்து ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன். பந்து புடிக்க வராது இன்னும், கட்டிப்புடிச்சு விட்டுருவா. கூட்டத்துக்குப் போனா தெணறுவா. மத்தபடி எட்டு வயசுப் புள்ள என்னென்ன செய்யுமோ அத்தனையும், சேட்ட உள்பட.

ஏறிட்டா. பலகை மேல ஏறிட்டா பாருங்க. நுனிக்குப் போயிட்டா. மாஸ்டர் கீழ தண்ணியில நிக்கறாரு, ஒண்ணும் ஆகாது. கீழ பாக்கறா. அளந்து பாக்கறா. திரும்பிருவாளோ. திரும்பினா திரும்பட்டும், அடுத்த வாரம் பாத்துக்கலாம்.

குதிச்சுட்டா.

எங்க, தலை எங்க. அந்தா, வந்துருச்சு. இருமறா. ஒண்ணுமில்ல, தண்ணி குடிச்சிருப்பா. சிரிக்கறா பாருங்க, அந்தச் செவப்புத் தொப்பியப் பாத்து.

கைய எடுக்க வேணாம், பரவால்ல. நீங்க புடிச்ச மாதிரி நானும்தான் உங்க கையப் புடிச்சுக்கிட்டு இருக்கேன். நகம் பதிஞ்சிருச்சு ரெண்டு பேருக்கும்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தூங்கப் போறப்ப அவ என் பக்கத்துல வந்து படுத்து, என் கன்னத்துல வாய வெச்சு மூச்சு விடுவா. வந்த புதுசுலேருந்து இன்னைக்கு வரைக்கும். வெறும் மூச்சுதான், ஆனா ஒதடு அசையும். ரெண்டு நீளமா வரும், ஒண்ணு குட்டையா வரும், நிக்கும், மறுபடி மொதல்லேருந்து வரும். ரொம்ப நாள் எனக்குப் புரியல. அப்புறந்தான் தெரிஞ்சுது, அது பாட்டு. சத்தம் மட்டும் இல்லாத பாட்டு. அத நானும் கத்துக்கிட்டேன். அவ கன்னத்துல வாய வெச்சு, அதே மாதிரி மூச்சுலயே திருப்பிப் பாடுவேன், தூங்கிருவா. என்ன வார்த்தன்னு தெரியாது, என்ன ராகம்னு தெரியாது, அஞ்சாறு வருஷமா பாடிக்கிட்டு இருக்கேன். போன வாரம் கேட்டா, அம்மா இந்தப் பாட்டுக்கு வார்த்த என்னன்னு. எனக்குத் தெரியலயேடான்னேன். அப்ப யாருக்குத் தெரியும்னா.

அதான் கேக்கறேன் தங்கச்சி. அது என்ன பாட்டு. நீதான பாடின.

எந்திரிக்காத. ஒக்காரு. யாரும் ஒன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நீ முதல் நாள் வந்து இங்க ஒக்காந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு. தினமும் அந்த மொகத்தக் கழுவித் தொடச்சு விடறவளுக்கு, அதே மொகத்த இன்னொருத்தி வெச்சுக்கிட்டு வந்து ஒக்காந்தா தெரியாதா. கிட்ட வரக் கூடாதுன்னு ஒனக்குக் கோர்ட்டு உத்தரவு இருக்குன்னும் தெரியும். இங்க ஆபீசுல சொல்லிரலாம்னு என் வீட்டுக்காரரு சொன்னாரு, ரெண்டு நாள் சண்ட. இன்னைக்குக் காலையில அவரேதான், போய்ப் பேசிட்டு வா, நாம பாத்ததெல்லாம் அந்தப் பொண்ணு பாக்கலல்ல, சொல்லிட்டாவது வான்னாரு. சொல்லிட்டேன். நீ பாக்காததெல்லாம் சொல்லிட்டேன். ஏதாவது விட்டுப் போயிருந்தா அடுத்த வாரம் சொல்றேன்.

பாட்ட இப்பவே சொல்லணும்னு இல்ல. மொதல்ல மொகத்தத் தொடச்சுக்க, அவ வர்ற நேரமாச்சு. இந்தா, தொவால. அவ பையும் துணியும் அந்தக் கோடி லாக்கர்ல இருக்கு, நான் போய் எடுத்துட்டு வர்றேன். கொஞ்சம் மெதுவாத்தான் வருவேன். நீங்க யாருன்னு கேட்டா, அம்மாவுக்குத் தெரிஞ்சவங்கன்னு சொல்லு, பொய்யில்லல்ல. மிச்சத்த நாம மூணு பேரும் யோசிச்சு, அவளுக்கு எப்ப சொல்லணுமோ அப்ப சொல்லிக்கலாம். அவ தலைய நல்லா அழுத்தித் தொவட்டு, முடி அடர்த்தி, சளி புடிச்சிரும். காதுக்குப் பின்னாடி மட்டும் மெதுவா. அங்க அவளுக்குக் கூசும்.

அது ஒனக்கே தெரிஞ்சிருக்கும்.